பாடுபவர் இருக்கிறார், வாசிப்பவர் எங்கே? புத்தளக் கரையின் எதிர்ப்புப் பாட்டும் எமது பொறுப்பும்

2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் ஒரு கவிஞரை விடுதலை செய்தது. மன்னாரமுது என்ற புனைபெயரில் எழுதும் அஹ்னாப் ஜஸீம்தான் அவர். மதுரங்குளியில் உள்ள ஒரு பாடசாலையில் தமிழ் கற்பித்தவர். 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுதியை வெளியிட்டவர். 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டபோது அவருக்கு வயது 26. அந்தத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பதே அவர்மீது சுமத்தப்பட்ட பழிகளில் பிரதானமானது. 2021 டிசம்பரில் பிணை கிடைக்கும் வரை பத்தொன்பது மாதங்கள் தடுப்புக் காவலிலும் விளக்கமறியலிலும் கழிந்தன. வழக்கு முடிய மேலும் இரண்டு வருடங்கள் ஆயின.

விடுதலைச் செய்தி வந்த அன்று பலரும் அதைப் பகிர்ந்தோம், அல்ஹம்துலில்லாஹ் என்றோம், அடுத்த செய்திக்குச் சென்றுவிட்டோம். ஆனால் அந்த வழக்கு விட்டுச் சென்ற கேள்வி எமது கரையில் இன்னும் அப்படியே நிற்கிறது. அநியாயத்தைப் பாட்டாகவோ கவிதையாகவோ சொல்லும் ஒருவரை இங்கே யார் வாசிக்கிறார்கள்? யார் மொழிபெயர்க்கிறார்கள்? தவறாக வாசிக்கப்படும்போது, “இல்லை, இதன் பொருள் இதுதான்” என்று எழுந்து நின்று சொல்வது யார்?

இந்தக் கட்டுரையின் வாதம் எளிமையானது. புத்தளக் கரையில் துயரத்துக்குப் பஞ்சமில்லை. பாடும் வாய்க்கும் பஞ்சமில்லை. இங்கு இல்லாதது நேர்மையான வாசகன். அவனை உருவாக்கும் வேலை அரசாங்கத்தின் வேலை என்று காத்திருக்க முடியாது. அது சமூகத்தின் வேலை.

கரை கண்ட மூன்று துயரங்கள்

கடந்த முப்பத்தைந்து வருடங்களில் இந்தக் கரை மூன்று பெரிய அநியாயங்களைக் கண்டிருக்கிறது. மூன்றும் வெவ்வேறு வகையானவை.

முதலாவது, 1990 ஒக்டோபர். வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் அவர்களது மண்ணிலிருந்து வெளியேற்றினார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலங்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். புத்தளம் மாவட்டம் அவர்களை ஏற்றுக்கொண்டது. தில்லையடியிலும் பாலாவியிலும் ஆலங்குடாவிலும் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த முகாம்களில் ஒரு தலைமுறையே பிறந்து வளர்ந்தது.

இரண்டாவது, நுரைச்சோலை. 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் 900 மெகாவாட் கொள்ளளவை எட்டிய நிலக்கரி மின்நிலையம் நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. அதன் சாம்பல் விழும் தோட்டங்களும், அதனருகே வலை விரிக்கும் கடலும் கற்பிட்டித் தீபகற்பத்து மக்களுடையவை. தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தைச் சூழ்ந்த கத்தோலிக்க மக்கள் அத்திட்டம் வருவதற்கு முன்பே அதனை எதிர்த்தவர்கள்.

மூன்றாவது, அருவக்காடு. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் கொழும்பின் குப்பையை வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தின் கைவிடப்பட்ட சுண்ணக்கல் அகழிகளுக்குக் கொண்டுவரும் திட்டம் வேகம் பெற்றது. ஒரு நகரத்தின் கழிவு ஏறத்தாழ 170 கிலோமீற்றர் பயணம் செய்து, களப்பையும் வில்பத்துக் காட்டையும் அண்டிய இடத்தில் வந்து விழ வேண்டும் என்பது திட்டம். சேராக்குளி, கரைத்தீவு மீனவர்கள் தமது களப்புக்காகப் பயந்தார்கள். ‘க்ளீன் புத்தளம்’ என்ற பெயரில் முஸ்லிம்களும் சிங்களவர்களும் தமிழர்களும் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள், கொழும்பு வரை சென்று குரல் கொடுத்தார்கள். இருந்தும் 2019 ஓகஸ்ட்டில் குப்பை வரத் தொடங்கியது.

இந்த மூன்றையும் பற்றி அறிக்கைகள் இருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மர்ஹூம் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் தனது ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்துக்காகச் செலவிட்டார். முல்லை முஸ்ரிபா போன்ற கவிஞர்கள் இடம்பெயர்வைக் கவிதையாக்கினார்கள். அவை புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் அருவக்காட்டுப் போராட்டத்தில் எழுந்த கோஷங்களில், பாட்டுகளில், உம்மாமார் முகாம்களில் சொல்லி அழுத வரிகளில் எத்தனை இன்று யாருடைய கைக்காவது கிடைக்கும்? பாடசாலைப் பிள்ளை ஒருவர் ஆய்வுக்காகக் கேட்டால் நாம் எந்த நூலகத்தைக் காட்டுவோம்?

கடற்கரைப் பாட்டு வேலை செய்யும் விதம்

எதிர்ப்புப் பாட்டு என்றதும் மேடையும் ஒலிபெருக்கியும்தான் நினைவுக்கு வருகின்றன. நாட்டார் பாட்டின் பலம் அங்கே இல்லை. அது வேலைக்குள் இருக்கிறது.

உடப்பில் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் பின்பாட்டுச் சொல்வார்கள். பின்பாட்டில்தான் இழுப்பு விழும். பின்பாட்டு மாறாது, அடி எடுப்பவரின் வரி மாறிக்கொண்டே இருக்கும். சாமி பெயர் வரும், மீனின் பெயர் வரும், கஞ்சத்தனமான முதலாளியைப் பற்றிய நக்கலும் வரும். முதலாளி அங்கேயே நிற்பார். ஆனால் யாரைப் பிடித்துக் கேட்பது? சொன்னது ஒருவர், சேர்ந்து பாடியது முப்பது பேர். அடுத்த இழுப்பில் அந்த வரியே இருக்காது.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளும் இப்படித்தான். நான்கு வரி, தெரிந்த மெட்டு, மச்சான் என்றோ மாமி என்றோ ஒரு விளி. நேரே சொல்ல முடியாத கோபத்தைப் பெண்கள் அதற்குள் வைத்தார்கள். நிந்தவூர் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் அவற்றை ஊரூராகத் தேடித் தொகுத்ததால்தான் இன்று அவை எமக்குக் கிடைக்கின்றன. புத்தளத்துக்கு ஏ.என்.எம். ஷாஜஹானின் ‘புத்தளம் வரலாறும் மரபுகளும்’ போன்ற நூல் உண்டு. ஆனால் 1990க்குப் பிந்திய கரையின் வாய்மொழியைத் தேடும் வேலை அதே அளவில் தொடரப்பட வேண்டியிருக்கிறது.

நாட்டார் பாட்டுக்கு ஆகவே இரண்டு கவசங்கள் இருந்தன. ஒன்று, அதற்கு ஆசிரியர் இல்லை. மற்றது, அது நிலையாக நிற்கவில்லை. இன்று இரண்டும் போய்விட்டன.

கரைவலையைப் பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் இழுக்கிறது. முப்பது கை தேவைப்படாத இடத்தில் முப்பது வாயும் தேவைப்படாது. பாட்டு வேலையைவிட்டு வெளியே வந்து தொலைபேசிக்குள் புகுந்தது. தொலைபேசிக்குள் போன பாட்டுக்கு ஒரு முகம் உண்டு, ஒரு பெயர் உண்டு, ஒரு திகதியும் நேரமும் உண்டு. காற்றோடு போயிருக்க வேண்டிய வரி வட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றுகிறது. யார் எந்த மனநிலையில் எந்தக் கூட்டத்தில் பாடினார் என்ற சூழல் மட்டும் கூடவே செல்வதில்லை. 2024இல் நிறைவேற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இந்தப் புதிய நிலத்தின்மேல்தான் விரிக்கப்பட்டிருக்கிறது.

பாட்டு உயிரோடிருந்தும் பொருள் இறந்துபோகலாம் என்பதற்கும் எமது மாவட்டத்திலேயே சான்று உண்டு. சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்கள் மஞ்ஜா என்ற தமது பாட்டை இன்றும் பாடுகிறார்கள். காலனித்துவ ஆட்சியாளர்கள் கடல் கடந்து கொண்டுவந்த மனிதர்களின் பிள்ளைகள் அவர்கள். பாட்டின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல், வீட்டு மொழி சிங்களம். தாளமும் ஆட்டமும் தலைமுறை தாண்டி வந்துவிட்டன. பாடுகிற இளையவர்களுக்கே பல வரிகளின் அர்த்தம் தெரியாது. அந்த வரிகளில் முறைப்பாடு ஏதும் இருந்ததா, எசமானைப் பற்றிய கேலி இருந்ததா என்று இனிக் கேட்டறிவது கடினம். எழுதி வைக்காத, பொருள் சொல்லி வைக்காத பாட்டின் கதி இதுதான்.

தவறான வாசிப்பின் விலை

மீண்டும் ‘நவரசம்’ வழக்குக்கு வருவோம். நவரசம் என்ற பெயரே எமது இலக்கியத்தின் அரிச்சுவடி. ஒன்பது சுவைகள். அவற்றில் வீரமும் கோபமும் அச்சமும் உண்டு. அந்தப் பெயரில் ஒரு தொகுதி வந்தால் அதில் கோபம் பேசும் கவிதை இருக்கும் என்பது தமிழ் தெரிந்த மாணவனுக்கும் விளங்கும். போர் என்ற சொல்லைப் பார்த்தவுடன் ஆயுதத்தைத் தேடத் தேவையில்லை என்பதும் விளங்கும். படைப்போர் என்றொரு சிற்றிலக்கிய வகையே இஸ்லாமியத் தமிழில் இருக்கிறதே!

அந்தத் தொகுதியின் கவிதைகள் பின்னர் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு வெளிவந்தன. வன்முறையையும் போரையும் தீவிரவாதத்தையும் அவை கண்டிக்கின்றன என்பதைத் தமிழ் வாசிக்காத உலகமும் கண்டுகொண்டது. சர்வதேச எழுத்தாளர் அமைப்பான பென் முதல் மனித உரிமை அமைப்புகள் வரை அவருக்காகக் குரல் கொடுக்க அந்த மொழிபெயர்ப்புகளே கை கொடுத்தன. இதில் எமக்குரிய பாடம் ஒன்று இருக்கிறது. வாசிப்பு முதலிலேயே நேர்மையாக நடந்திருந்தால் பத்தொன்பது மாதங்கள் போயிருக்காது. புத்தகத்தைக் கையில் எடுத்தவர்களுக்குத் தமிழ்க் கவிதை தெரியாது. தமிழ்க் கவிதை தெரிந்தவர்களில் பலர் அந்த நாட்களில் வாய் திறக்கவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னான பயம் அப்படி. பயத்தை நான் குறை சொல்லவில்லை. அதன் விலையைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறேன்.

இது எமக்கு மட்டும் நடந்ததல்ல. நாசரேத்துக்கு அருகில் வாழும் பலஸ்தீனக் கவிஞர் தாரீன் தாத்தூர் 2015 ஒக்டோபரில் கைது செய்யப்பட்டார். காரணங்களில் ஒன்று, சமூக ஊடகத்தில் அவர் வெளியிட்ட ஓர் அறபுக் கவிதை. அரச தரப்பு நீதிமன்றத்தில் வைத்த ஹீப்ரு மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஒரு பொலிஸ்காரர். இலக்கிய மொழிபெயர்ப்பு அவரது தொழிலல்ல. ‘ஷஹீத்’ என்ற ஒரு சொல்லைச் சுற்றியே பெரும் விவாதம் நடந்தது. கொல்லப்பட்ட அப்பாவியையும் பலஸ்தீனர் அந்தச் சொல்லால்தான் சொல்வார்கள் என்பதை விளக்க மொழி அறிஞர்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. 2018இல் ஐந்து மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் மேன்முறையீட்டில் கவிதை தொடர்பான தீர்ப்பு நீக்கப்பட்டது. அதற்குள் சிறையும் வீட்டுக் காவலுமாக வருடங்கள் போய்விட்டன.

சிறுபான்மைக்கு மட்டும் நடப்பதும் அல்ல. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காகக் கைது செய்யப்பட்டு நான்கு மாதங்கள் வரை உள்ளே இருந்தார். அவர்மீது பாய்ந்தது சிவில் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் 2007இல் இயற்றப்பட்ட சட்டம். சிறுபான்மையினரை வெறுப்புப் பேச்சிலிருந்து காப்பாற்றுவதற்கென்று நாம் நம்பிய அதே சட்டம்! சிங்களத்தில் எழுதிய கதையே சிங்களவர்களால் இப்படி வாசிக்கப்படுமானால், தமிழில் பாடும் ஒரு மீனவனின் வரி எப்படி வாசிக்கப்படும்?

கோவன் விடயத்தில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டுக் கதை வேறு விதம், ஆகவே அதையும் பார்க்க வேண்டும். மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், அரசு நடத்தும் டாஸ்மாக் மதுக்கடைகளை மூடச் சொல்லியும் முதலமைச்சரைக் கிண்டல் செய்தும் நாட்டார் மெட்டில் பாடினார். 2015 ஒக்டோபர் 30ஆம் திகதி திருச்சியில் அவரைப் பொலிஸார் கைது செய்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தேசத்துரோகப் பிரிவு அவர்மீது பாய்ந்தது.

விளைவு என்ன? அதுவரை அந்தப் பாட்டைக் கேட்காதவர்களும் கேட்டார்கள். சில நாட்களில் அவர் பிணையில் வந்தார், மீண்டும் பாடினார். அடுத்த வருடம், 2016 மே மாதம், மீண்டும் பதவியேற்ற அதே முதலமைச்சர் 500 மதுக்கடைகளை மூட உத்தரவிட்டார். பாட்டுத்தான் மூட வைத்தது என்று சொல்வது மிகை. அதற்கு முன் 2015 ஜூலையில் காந்தியவாதி சசிபெருமாள் மதுவிலக்குப் போராட்டத்திலேயே உயிரிழந்திருந்தார். ஊரூராகப் பெண்கள் கடைகளின் முன் திரண்டிருந்தார்கள். பாட்டு அந்தக் கூட்டத்தின் வாயாக இருந்தது.

அஹ்னாபுக்கும் கோவனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். கோவனின் வரியைத் தவறாக வாசிக்க முயன்றபோது அதே மொழி பேசும் கோடிக்கணக்கானோர் சுற்றி நின்றார்கள். பாட்டின் பொருளை யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பின்னால் இயக்கம் இருந்தது, சட்டத்தரணிகள் இருந்தார்கள். மதுரங்குளி ஆசிரியருக்குப் பின்னால் அப்படி ஒரு வட்டம் உருவாகக் காலம் எடுத்தது. உருவான பின்தான் வழக்கின் போக்கும் வெளிச்சத்துக்கு வந்தது.

வெள்ளைத் துணி சொன்னது

அஹ்னாப் உள்ளே இருந்த அதே காலத்தில்தான் எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2020 டிசம்பரில், பிறந்து இருபது நாளேயான ஒரு சிசுவின் உடல் தகனம் செய்யப்பட்ட பின், பொரளை மயானத்தின் வாயிலில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கபன் துணியின் நினைவு. முஸ்லிம் அல்லாதோரும் வந்து கட்டினார்கள். நாடெங்கும் அது பரவியது. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. 2024இல் அரசாங்கம் மன்னிப்பும் கோரியது.

அந்தப் போராட்டத்தின் சின்னத்தில் ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சொல் இருந்தால் பிடிப்பார்கள், திரிப்பார்கள். துணியைத் திரிக்க முடியாது. சொல்லற்ற எதிர்ப்பு புத்திசாலித்தனமானதுதான். ஆனால் ஒரு சமூகம் தன் சொந்தச் சொல்லுக்குப் பயந்து துணிக்குள் ஒதுங்கவேண்டி வந்தது பெருமைக்குரிய நிலையல்ல. துணி ஒரு நாளின் துயரத்தைச் சொல்லும். சேராக்குளிக் களப்பில் என்ன மீன் குறைந்தது, முகாமில் எத்தனை வருடம் கூப்பன் வரிசையில் நின்றோம், யார் வாக்குறுதி தந்துவிட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் சொல்லச் சொல்தான் வேண்டும்.

பாட்டு வெறுப்பை விதைக்காதா?

நியாயமான ஆட்சேபம் ஒன்றும் உண்டு. பாட்டு தீ மூட்டவும் வல்லது. எமக்கு எதிராகவே அப்படி மூட்டப்பட்டால் நாம் சட்டத்தின் உதவியைக் கோரமாட்டோமா?

கோருவோம். ஆனால் எல்லை எங்கே என்பதற்கு உலகில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. ருவாண்டா இனப்படுகொலையில் பாடகர் சைமன் பிகிந்தி சர்வதேச நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். அவரது பாடல்கள் கினியருவாண்டா மொழியில் இருந்தன. அவற்றின் பொருளை இரு தரப்பு நிபுணர்களும் நீதிமன்றத்தில் வரி வரியாக விளக்கினார்கள். 2008 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அவருக்குப் பதினைந்து வருடச் சிறை. ஆனால் பாடல்களுக்காக அல்ல. 1994 ஜூனில் வீதியில் ஒலிபெருக்கி பூட்டிய வாகனத்தில் சென்று, மக்களைக் கொல்லும்படி நேரடியாக அழைத்ததற்காக.

இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட ஒரு குற்றத்தை விசாரித்த நீதிமன்றமே பாட்டையும் கொலை அழைப்பையும் இவ்வளவு கவனமாகப் பிரித்துப் பார்த்தது. எமது 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ சொற்களாலோ குறிகளாலோ சமூகங்களிடையே மனக்கசப்பை ஏற்படுத்துவதையும் வன்முறையைத் தூண்டுவதையும் ஒரே பிரிவில் அடக்குகிறது. மனக்கசப்பை ஏற்படுத்தாத எதிர்ப்புப் பாட்டு உலகில் எங்காவது இருக்கிறதா? இந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் வாக்களித்தன. ஆனால் 2025 மார்ச்சிலும், இஸ்ரேலுக்கு எதிரான ஓர் ஒட்டுப்படத்தை ஒட்டிய 22 வயது முஸ்லிம் இளைஞர் ஒருவர் இதே சட்டத்தின் கீழ்த்தான் தடுத்து வைக்கப்பட்டார்.

எமக்குள் எழும் தயக்கம்

பாட்டு என்றவுடன் எம்மவரில் சிலர் முகம் சுளிப்பதும் உண்மை. இசைக்கருவி பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் உலமாக்களுக்குரியது. அதில் நான் நுழையவில்லை. ஆனால் குரலால் மட்டும் பாடும் வேலைப்பாட்டை எமது வரலாறு அறியாததா? அகழ் யுத்தத்துக்கு முன் மதீனாவைச் சுற்றி மண் தோண்டியபோது ஸஹாபாக்கள் அடிபிரித்துப் பாடினார்கள், நபி (ஸல்) அவர்களும் அதில் சேர்ந்து கொண்டார்கள் என்று ஹதீஸ்கள் சொல்கின்றன. மண்வெட்டி விழும் தாளத்துக்கு ஒரு பாட்டு! கரைவலைப் பாட்டுக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறென்ன?

அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதி வசனங்களைக் கவிஞர்களைக் கண்டிக்க மட்டும் எடுத்துக்காட்டுவோர் பலர். அதே இடத்தில் விதிவிலக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. ஈமான் கொண்டு, நல்லமல் செய்து, அல்லாஹ்வை அதிகம் நினைத்து, தமக்கு அநீதி இழைக்கப்பட்ட பின் பழிதீர்த்துக் கொண்டவர்கள் அந்தக் கண்டனத்தில் இல்லை. ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களின் கவிதை எதிரியின் வசைக்குக் கொடுக்கப்பட்ட பதில்தான்.

இனிச் செய்ய வேண்டியவை

எழுதுபவர்களுக்கு முதலில். பெயரும் இடமும் நிகழ்வும் உள்ள பாட்டு, பொதுவான கோபத்தைவிட உறுதியானது. ‘அநியாயக்காரனே’ என்று பாடினால் யாரைச் சொல்கிறாய் என்று கேட்பார்கள். இன்ன களப்பில் இன்ன குப்பை என்று பாடினால் அது சாட்சியம். குற்றம் செய்த அதிகாரத்தைப் பாடுங்கள், அதன் இனத்தைப் பாடாதீர்கள். 1990ஐப் பாடும்போது இது இன்னும் முக்கியம். வெளியேற்றியது ஓர் ஆயுத இயக்கம். எமது அயலிலிருந்த தமிழ் மக்கள் முழுப்பேரும் அல்லர். அந்தக் கவனம் சட்டத்துக்குப் பயந்து வைப்பதல்ல, உண்மைக்காக வைப்பது. நுரைச்சோலையில் கத்தோலிக்கரின் துயரமும் அருவக்காட்டில் சிங்களக் கிராமங்களின் துயரமும் எமது துயரத்தோடு கலந்தே இருக்கின்றன. பின்பாட்டு எல்லோரும் சேர்ந்து பாடக்கூடியதாக இருந்தால், தனியொருவரைப் பிடித்துப் போவது கடினம்.

சமூகத்துக்கு அடுத்து. மூன்று வேலைகளை உடனே தொடங்கலாம்.

ஒன்று, சேகரிப்பு. 1990இல் படகில் வந்த உம்மாமாருக்கு இன்று எழுபது, எண்பது வயது. அவர்கள் முகாமில் பாடிய தாலாட்டையும் சொல்லி அழுத வரிகளையும் பதிவு செய்ய இன்னும் சில வருடங்களே இருக்கின்றன. க.பொ.த. உயர்தரத்தில் தமிழ் படிக்கும் மாணவர்களிடம் ஒரு செயற்றிட்டமாக இதைக் கொடுக்கலாம். பாடியவர், இடம், காலம், எந்தச் சந்தர்ப்பம் என்ற நான்கையும் வரியோடு சேர்த்து எழுத வேண்டும். சூழலோடு எழுதப்பட்ட பாட்டைத் திரிப்பது எளிதல்ல. பாடியவர் விரும்பாவிட்டால் பெயரை மறைக்கும் உரிமையும் அவருக்கு வேண்டும்.

இரண்டு, மொழிபெயர்ப்பு. எமது பிள்ளைகளில் சிங்களமும் தமிழும் சமமாகத் தெரிந்தோர் இன்று ஏராளம். ஒரு கவிதைத் தொகுதியோ பாட்டோ வெளிவரும்போதே அதன் சிங்கள, ஆங்கில வடிவமும் வெளிவரட்டும். பொலிஸ் நிலையத்தில் அவசரத்தில் செய்யப்படும் முதல் மொழிபெயர்ப்பே எமது பாட்டின் முதல் மொழிபெயர்ப்பாக இருக்கக் கூடாது. அயலிலுள்ள சிங்களச் சகோதரருக்கு எமது துயரம் விளங்கவும் அதுவே வழி.

மூன்று, துணை நிற்றல். எழுதியவர் ஒருவர் பிடிபட்டால் அடுத்த நாளே அவரது வரியை வாசித்துப் பொருள் எழுதித் தரத் தமிழ் ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் முன்வர வேண்டும். சட்டத்தரணிகளோடு அவர்கள் ஒரே மேசையில் அமர வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இளைஞர் அமைப்புகளும் இதற்கெனத் தொடர்புப் பட்டியல் ஒன்றை இப்போதே தயாரித்து வைக்கலாம். கைது நடந்த பின் ஆளைத் தேடுவது தாமதம்.

இவற்றில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஒரு பாடசாலை, ஓர் ஆசிரியர், ஒரு தொலைபேசி, ஒரு கொப்பி போதும். அருவக்காட்டுக்காகச் சத்தியாக்கிரகம் இருந்த சகோதரர்கள் இன்றும் ஊரில்தான் இருக்கிறார்கள். அன்று என்ன பாடினீர்கள், என்ன கோஷம் போட்டீர்கள் என்று போய்க் கேட்பதிலிருந்தே தொடங்கலாம். இந்த வாரமே கேட்கலாம்.